வாசலுக்கு ஒரு பெயர்

கல்லில் பெயர் வெட்டும் பட்டறைக்குள் சாய்ந்து விழும் காலை வெயிலில் பளிங்குத் தூள் மிதக்கிறது. பார்வை மங்கிக் கிடந்த அப்பாவிடம் யாருக்கும் தெரியாமல் கையெழுத்து வாங்கி, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட தம்பி, அந்த வீட்டுக்கே பெயர்க்கல் கேட்டு அண்ணன் முன்னால் நிற்கிறான். “பெத்தேல்னு வெட்டுண்ணே. தேவனுடைய வீடுன்னு அர்த்தம்.” அண்ணன் ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். “அந்த எடத்துக்கு அந்தப் பேர வெச்ச யாக்கோபு எங்கேருந்துடா அங்க வந்தான்?” தம்பியின் விரல் சட்டைப் பொத்தானைத் திருகுகிறது. தகப்பனை ஏமாற்றி, அண்ணனின் ஆசீர்வாதத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய வழியில்தான் யாக்கோபு அங்கே படுத்தான் என்று இருவரும் ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். “அங்கதானேண்ணே அவனுக்குத் தரிசனம் கெடச்சுது” என்கிறான் மெதுவாக. “கெடச்சுது. தேவன் அன்னைக்கு ராத்திரியே வந்துட்டாரு. அண்ணன் முகத்தப் பாக்கத்தான் அவனுக்கு இருபது வருஷம் ஆச்சு.” சொல்லிவிட்டு, உளியை முதல் எழுத்தின் மேல் வைத்துக் குனிகிறார் அண்ணன். தம்பி படியிறங்கிப் போகும்வரை அவர் நிமிரவே இல்லை.