இருநூற்றுப் பத்தாவது குச்சி

இளந்தென்னை ஓலையைக் கிழித்து, மடித்து, மூலையில் மூங்கில் குச்சி குத்தினால் ஒரு தட்டு. அதில் பூ வைத்தால் சாமிக்கு. ஒரு நாளைக்கு இருபத்தைந்து தட்டு என் பங்கு.

கை தன் பாட்டுக்கு மடிக்கும், வாய் தன் பாட்டுக்கு மகன் தனுவிடம் பேசும். அப்பா வேலை செய்கிற கப்பல் இப்போது எந்த மேகத்துக்குக் கீழே போகிறது, அந்த மேகம் நம் வீட்டுக்கு மேலே வர நாம் எத்தனை தூக்கம் தூங்கணும், இப்படி ஏதாவது. பெரியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

எதிரே நாத்தனார் விதாரி பாயில் மல்லாந்து கிடப்பாள். முகத்துக்கு மேலே போன்.

தென்பசார் நகரத்தில் படித்தவள். வலைப்பூ ஒன்று தொடங்கப் போகிறாளாம். அன்றாட வேலைகளை ஞாபகப்படுத்த ஓர் ஆப்பும் வேண்டுமாம். ஆறு மாதமாக இரண்டையும் தேடிக்கொண்டே இருந்தாள். ஒன்றை இறக்குவாள், தடவிப் பார்ப்பாள், அழித்துவிடுவாள்.

"இதுக்கு எண்ணத் தெரியல" என்பாள். வலைப்பூவுக்கான ஆப் என்றால், "இதுக்குக் காது இல்ல."

"உனக்கும் அது ரெண்டும் கிடையாது" என்பார் அத்தை. "பானை வாங்கப் போனவ கடையிலேயே குடித்தனம் வெச்சாளாம். எழுந்து வந்து நாலு தட்டு மடிடி."

விதாரி நாலு மடித்தால் மூன்று பிரிந்துகொள்ளும்.

நான் மனசுக்குள் மட்டும், கொடுத்துவைத்த சோம்பேறி என்பேன்.

எனக்கு என் கவலை. எங்கள் ஊரில் பிறந்தநாள் வருஷத்துக்கு ஒரு தடவை இல்லை, இருநூற்றுப் பத்து நாளுக்கு ஒரு தடவை. தனுவின் முதல் பிறந்தநாளை அத்தை பார்த்துக்கொண்டார். அடுத்தது என் பொறுப்பு. அத்தை பெரிய மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் யாரையும் கேட்காமல், சுவர்க் காலண்டரில் ஏழு மாதம் எண்ணி, மஞ்சள் சோறு, முட்டை, மணிக்கட்டில் கட்ட வெள்ளை நூல் என்று எல்லாம் எடுத்து வைத்தேன். அன்றுதான் அத்தை திரும்பி வந்தார்.

"புதன்கிழமை பிறந்த பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை பிறந்தநாளா?"

எங்கள் கணக்கில் பிறந்தநாள் கிழமை மாறாது. முப்பத்தொரு நாள் மாதங்களை மறந்து நான் நாலு நாள் தள்ளிப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வரை சிரித்தார்கள். விதாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை நாளில்கூடப் போனா என்று அதையும் மனசில் வைத்துக்கொண்டேன்.

காலண்டரில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எறும்பு மாதிரி எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பிடிபடாது. அதனால் அன்றிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னில், தவறிப்போன நாலு நாளுக்கு நாலு, பிறகு தினம் ஒன்று என்று மூங்கில் குச்சி போட்டு வந்தேன். மூடியைத் திறந்தால் பிள்ளை உள்ளே குச்சி குச்சியாக வளர்வது போலிருக்கும்.

போன வாரம் தனு அந்த டின்னைக் கவிழ்த்தான். மடியிலிருந்த குச்சிகளோடு எல்லாம் கலந்துவிட்டது. பொறுக்கினேன். எது நாள், எது வெறும் குச்சி என்று தெரியவில்லை.

அத்தையைக் கேட்டால் இரண்டாம் முறையும் ஊர் சிரிக்கும். கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் எப்போது கூப்பிடுவார் என்று அவருக்கே தெரியாது.

இன்று காலை விதாரி பாயை விட்டு எழுந்தாள். என் பழைய போனைக் கேட்டு வாங்கி, எதையோ ஏற்றி, ஓலைக் குவியல் மேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து அவள் குரலே பேசியது.

"அண்ணி, தனு பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு நாள். வர்ற புதன். முட்டை வாங்கி வெச்சிடுங்க."

என் கையிலிருந்த தட்டு பிரிந்தது.

"இருநூத்திப் பத்து நாளுக்கு ஒரு தடவை இதுவே சொல்லும். நீங்க படிக்க வேண்டாம், கேட்டா போதும்" என்றாள். "எல்லாத்துக்கும் வாரம் தெரியுது, மாசம் தெரியுது. நம்ம கணக்கு தெரிஞ்சதுக்கு வாய் இல்ல. அந்த ஞாயித்துக்கிழமையே தேட ஆரம்பிச்சேன் அண்ணி. போன வாரம் நீங்க குச்சி பொறுக்கினதைப் பார்த்தப்புறம் தூக்கமே போச்சு."

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "அப்ப அந்த வலைப்பூ?"

வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். மேலே ஒரு பெயர். அதைப் படிக்க மூன்றாம் வகுப்பே போதும். ரத்மினி. என் பெயர்.

"எனக்கு எழுத என்ன இருக்கு? பாயில கிடந்து உங்க கப்பலையும் மேகத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தவதானே நான். இதுக்குக் காது இருக்கு அண்ணி. தனுகிட்ட பேசற மாதிரி பேசுங்க, அதுவே எழுதிக்கும்."

"எங்கே தொடங்கறதுன்னு தெரியாதே."

"கை என்ன பண்ணுதோ, அங்கேருந்து."

அதனால்தான் ஓலையிலிருந்து தொடங்கினேன். தனு தூங்குகிறான். விதாரி என் குரல் எட்டாத வாசலில் உட்கார்ந்து தட்டு மடிக்கிறாள், அது பிரிந்து பிரிந்து போகிறது. இவ்வளவும் ஒன்றைச் சொல்லத்தான். ஆறு மாதமாக எனக்காகப் பாயில் கிடந்தவளை மனசுக்குள் என்னவெல்லாம் வைதேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, இந்தக் காதிடம் சொல்லிவிட்டால் அவள் படித்துக்கொள்வாள், அத்தை கூப்பிடுகிறார், இதோ வரேன் அத்தை, விதாரி, நீ இதைப் படிக்கும்போது என்னைக் கொஞ்சம்