பக்கத்து சீட்

பேரூர்க்கடை வீட்டு முற்றத்தில் ஜீப்பின் முன்பம்பரில் சஜி புது வின்ச்சைப் பொருத்திக்கொண்டிருந்தான். சேற்றில் புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் இயந்திரம் அது. ஆர்ஷா சிரித்தபடி போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

வாசலில் நின்ற எலிசாளுக்கு வயிறு எரிந்தது.

“நான் கூட வந்த காலத்துல ஒரு பழைய கயிறுதான் இருந்தது. இப்ப இவளுக்காக வின்ச் வந்தாச்சு, அல்லே?”

சஜி அடுத்த போல்ட்டுக்குக் கை நீட்டினான்.

“ஞாயிற்றுக்கிழமை பொன்முடி ஜீப் போட்டியில பக்கத்து சீட்டு இவளுக்குத்தானே? இத்தனை வருஷம் அதுல இருந்து வழி சொன்னவ நான். கால் ஒடிஞ்சதும் என்னை மறந்தாச்சு.”

சஜி ஸ்பானர் எடுக்க உள்ளே போய்விட்டான்.

ஆர்ஷா அருகில் வந்தாள்.

“இந்த வின்ச்சை வாங்கச் சொன்னதே நான்தான். அந்தக் கயிறு அறுந்து அடிச்சு உங்க கால் ஒடிஞ்சதுலேர்ந்து, கால் சரியான பிறகும் உங்களைக் கூட்டிட்டுப் போக அவருக்குப் பயம். இனி அந்தப் பயம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கதான் போறீங்க. எனக்கு ஜீப்புல ஏறினாலே தலை சுத்தும்.”

“உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?”

“கல்யாணம் கழிஞ்ச நாள்லேர்ந்து என் புருஷன் வாயில ஒரே பேச்சுதான். ‘எங்க அக்கா மாதிரி வழி சொல்ல ஆளில்லை’ன்னு. நியாயமா நான்தான் உங்க மேல பொறாமைப்படணும்.”

சொல்லிக்கொண்டே வின்ச்சின் இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்தாள் ஆர்ஷா.

“வெறுங்கையால பிடிக்காதே மோளே, கிழிச்சிடும்” என்றபடி, ஜீப்பில் கிடந்த தன் பழைய கையுறையை எடுத்துத் தம்பி மனைவியின் கையில் மாட்டிவிட்டாள் எலிசாள்.