அறுபத்தேழாம் பக்கம்

"என்னை வச்சு வியாபாரம் பண்றியா? வெளிய வாம்மா!"

இரண்டாம் மாடிக் கதவு உடையாததுதான் பாக்கி. தட்டியவர் நாலாம் மாடி டைக்காரர். கையில், அந்த வீட்டுப் பெண் எழுதிய நாவல். அறுபத்தேழாம் பக்கத்துக்குள் கட்டைவிரல்.

அவள் கதவைத் திறந்தாள். பின்னாலேயே அவள் கணவர், வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக.

காலை எட்டு மணிக்குச் சண்டை என்றால் கேட்க வேண்டுமா? படிக்கட்டு முழுக்கத் தலைகள். குப்பைக் கூடையோடு இறங்கியவர்கள் குப்பைக் கூடையோடே நின்றுவிட்டார்கள்.

"கத்தாதீங்க சார். அது கதை. அதுல உங்க பேர் இருக்கா?"

"பேர் எதுக்கு? டை இருக்கே! இந்த பில்டிங்ல வேற எவன் கழுத்துல டை இருக்கு?"

நியாயமான கேள்வி. வேறு எவர் கழுத்திலும் இல்லை.

விஷயம் இப்படி முற்றியதற்கு அவள்தான் காரணம். எழுதியதால் அல்ல, விற்றதால்.

முன்னூறு பிரதி. அச்சடித்துக் கொடுத்ததோடு பதிப்பகத்தார் கை கழுவிவிட்டார். விளம்பரத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனிஸ்ட் ஆயிற்றே, பழைய அப்பாயின்ட்மென்ட் சீட்டுகள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில் நாவலின் பெயரை எழுதி லிஃப்டில் ஒட்டினாள். அதன் மேலேயே யாரோ 'பிளம்பர் தேவை' என்று ஒட்டினார்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வெளியீட்டு விழா வைத்தாள். வந்தவர்கள் டீ குடித்தார்கள். அட்டையைத் தடவிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லி, வைத்துவிட்டுப் போனார்கள்.

சொந்தக்காரர்கள் இன்னும் மேல். "நமக்கு ஒண்ணு எடுத்து வைம்மா." நமக்கு என்றால் ஓசி.

ஒவ்வொரு 'எடுத்து வை'க்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் படிக்காமல் போனால் போகட்டும். இந்த மாதம் விற்றே ஆக வேண்டும்.

அப்போதுதான் செலவில்லாத வழி ஒன்று தோன்றியது. லிஃப்டில் ஒருத்தியின் காதில் மட்டும் சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. அறுபத்தேழாம் பக்கத்துல நம்ம பில்டிங் ஆள் ஒருத்தர் வர்றார்."

சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டார் காசோடு வாசலில் நின்றார்கள். ஓசி கேட்டவர்களும் அதில் அடக்கம்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். வேலை போன ஒருவன் வீட்டில் சொல்லாமல், டை கட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு தினமும் கிளம்புகிறான். பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, களைத்த முகத்தோடு வீடு திரும்புகிறான்.

மறுநாளிலிருந்து டைக்காரர் லிஃப்டில் கால் வைத்தால் போதும். "என்ன சார், பஸ் வந்துடுச்சா?"

ஒரு வாரம் பல்லைக் கடித்தார். இன்று முடியவில்லை.

"நீ பார்த்தியா?" அவர் கழுத்து நரம்பு காலரை மீறிப் புடைத்தது. "நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்ததை நீ பார்த்தியா? ஒரு நாளாவது அந்தப் பக்கம் போயிருக்கேனா? காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் லைப்ரரிலதான் உக்காந்திருக்கேன்! பேப்பர் படிக்கிற எடத்துல! போய்க் கேளு!"

படிக்கட்டில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அடங்கியது.

நாலு படி மேலே அவர் மனைவி நின்றிருந்தாள். கோபத்தில் அவர் விட்டுவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுக்க இறங்கி வந்தவள்.

"எத்தனை நாளாங்க?"

அவர் திரும்பவில்லை. டையின் முடிச்சைத் தளர்த்தப் பார்த்தார். அது இன்னும் இறுகியது.

அவள் பையைப் படியில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள்.

நாவல் எழுதியவள் வாயைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். ஆனால் தொண்டை வரை வந்தது மன்னிப்பு இல்லை, ஒரு கேள்வி. திங்கட்கிழமை லைப்ரரிக்கு லீவாச்சே, அன்னிக்கு எங்க சார் போவீங்க?

கேட்காமல் விழுங்கிக்கொண்டாள்.

கணவர் உள்ளே போய் நுரையைத் துப்பிவிட்டு வந்தார். "வம்பு போதும். உனக்கு வேலைக்கு நேரமாச்சு."

கைப்பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

பேச்சு பக்கத்துத் தெருக்களுக்கும் பரவியதில், அந்த வாரமே மிச்சப் பிரதிகளும் தீர்ந்தன. அடுத்த மாதம் டைக்காரர் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு, அவர் மச்சான் இருக்கும் ஊருக்குப் போய்விட்டது. லாரியில் ஏறும்போது அவர் கழுத்தில் டை இல்லை. அவர் மனைவி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஸ்கேன் சென்டர் மூடி ஏழு மாதமாகிறது என்பது கட்டடத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. அவள் கணவருக்கும்தான். சேமிப்பு தீர்ந்துபோக, கடைசியாக அவள் சம்பளம் என்று அவர் கையில் கொடுத்தது புத்தகம் விற்ற காசு. புத்தகக் காசு பதிப்பகத்தாரிடம் இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறாள்.

அந்தப் பக்கத்தை எழுதும்போது, இது ஒரு பெண் என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான், கண்ணில் பட்ட ஒரு டையைத் தூக்கி மாட்டினாள்.

இப்போது லைப்ரரியில், பேப்பர் படிக்கும் இடத்தில், ஜன்னலோர நாற்காலி ஒன்று காலியாகியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு அது எவ்வளவோ மேல். ஃபேன் உண்டு.

திங்கட்கிழமை மட்டும் அவளுக்கு பஸ் ஸ்டாண்டில் பழைய பெஞ்சு.