போலீஸ் ஸ்டேஷன் கொல்லையில் விளைந்தது

“எண்பத்து நாலாம் வருஷம், இந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன் கொல்லையிலதான் நான் கஞ்சா போட்டேன். ஒவ்வொரு செடியும் பன்னிரண்டு அடி! தினம் தண்ணி ஊத்தினது யாருன்னு நினைக்கிறீங்க? போலீஸ்காரங்கதான்! தக்காளின்னு நினைச்சுட்டாங்க!”

கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு விர்ஜில் டாகெர்ட்டி இதை அன்றைக்கு நாற்பதாவது தடவையாகச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த கையோடு ஆளுக்கொரு டி-ஷர்ட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

டி-ஷர்ட்டின் நெஞ்சில் கொட்டை எழுத்தில் ‘போலீஸ் ஸ்டேஷன் கொல்லையில் விளைந்தது’. கம்பளித் தொப்பியிலும் அதே. காபிக் கோப்பை, காலுறை, நாயின் கழுத்தில் கட்டும் கைக்குட்டை வரைக்கும் அதே. மூன்றே வாரத்தில் கஞ்சாவைவிடக் காலுறை அதிகம் விற்ற கஞ்சாக் கடை, வட கலிபோர்னியா மலை முழுக்கத் தேடினாலும் அது ஒன்றுதான்.

அந்த மலையில் இப்போது கஞ்சா விற்பது குற்றமில்லை; கடை வைக்க அரசாங்க உரிமம் போதும். ஆனால் தொப்பி விற்க வேண்டுமென்றால் ஒரு திருட்டுப் பூர்வீகம் வேண்டும். எதிர்க் கடைத் தொப்பியில், போலீஸ் ஹெலிகாப்டருக்குப் பயந்து ஒன்பது நாள் மரப்பொந்தில் ஒளிந்திருந்த தாத்தா. பக்கத்துக் கடை டி-ஷர்ட்டில், மூன்று முறை ஜெயிலுக்குப் போய் வந்த அத்தை.

விர்ஜிலோ, எண்பத்து நாலில் எங்கோ தூரத்து மாநிலமான நெப்ராஸ்காவில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நடுரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற பல் டாக்டர். இப்படி ஒரு களங்கமில்லாத கடந்த காலத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒரு கைக்குட்டைகூட விற்க முடியாது.

முதலில் இலைப் படம் போட்டுப் பார்த்தார். ஊரில் எல்லார் தொப்பியிலும் அதே இலை. பிறகு சிரிக்கிற கரடி போட்டார். பிள்ளைகளை இழுக்கும் பொம்மைப் படம் கூடாது என்று சட்டம் குறுக்கே நின்றது. கடைசியில், விடிய விடிய யோசித்து, ஒரு பூர்வீகத்தைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டார்.

ஊரே அதை ரசித்தது, ஒரே ஒரு ஆளைத் தவிர. ஹார்லன் பீச். அதே போலீஸ் ஸ்டேஷனில் எண்பதிலிருந்து முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“சுத்தப் பொய்!” என்று தினமும் காலையில் சாப்பாட்டுக் கடை மேஜையைக் குத்துவார். “அந்தக் கொல்லையில ஏதுய்யா வெயிலு? மேற்குச் சுவரோரமா நாலடி அகலத்துக்கு, அதுவும் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் விழும். அங்கே பன்னிரண்டு அடி வளருமாம்! கேக்கறவன் கேனையனா?” அவர் குத்துகிற குத்தில் பக்கத்து மேஜை முட்டைகூடத் துள்ளும்.

“கிழவருக்கு வயித்தெரிச்சல்” என்றார் விர்ஜில்.

“உனக்கு இருக்கு பாரு” என்றாள் அவர் மனைவி லூயெல்லா. “விளம்பரத்துல பொய் இருந்தா உரிமமே போயிடும். அந்த மனுஷன் ஒரே ஒரு புகார் எழுதட்டும். கடைக்குப் பூட்டு, நமக்கு நெப்ராஸ்கா. அறுபத்தெட்டு வயசுல மறுபடியும் ஊரான் வாய்க்குள்ள கையை விட்டுக்கிட்டு நில்லு.”

“எழுத மாட்டார்” என்றார் விர்ஜில். அன்று முழுக்கக் கடை வாசலில் நிழலாடினால்கூடத் தபால்காரரா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் நெரியும் நேரத்தில் ஹார்லன் கடைக்குள் நுழைந்தார். தலையில் பழைய போலீஸ் தொப்பி. கையில் கசங்கிய டி-ஷர்ட். வரிசை தானாக இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

“யோவ், உள்ள வா. தனியாப் பேசணும்.”

சரக்கறையில் கூரை முட்டக் காலுறைப் பெட்டிகள். ஹார்லன் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

“சொல்லு. உனக்கு இதை யாரு சொன்னது?”

“எதை?”

“நடிக்காதே! இந்தக் கொல்லைக் கதையை. எவன் பார்த்தான்? சாட்சி இருக்கா? போட்டோ கீட்டோ எடுத்து வச்சிருக்கானா?”

விர்ஜில் இரண்டு கையையும் மேலே தூக்கினார். “ஐயா, சாட்சியும் இல்ல, போட்டோவும் இல்ல. நான் ஒரு பல் டாக்டருங்க. எண்பத்து நாலுல இந்த ஊரை வரைபடத்துலகூடப் பார்த்ததில்ல. மொத்தமும் நானே அவுத்துவிட்டது.”

“நீயேவா? வேற யாருக்கும் ஒண்ணும் தெரியாதா?”

“என் பொண்டாட்டி மேல சத்தியம். புகார் மட்டும் எழுதிடாதீங்க. இன்னிக்கே எல்லாத்தையும் கீழே இறக்கிடறேன். டி-ஷர்ட்டு, தொப்பி, நாய்க் கைக்குட்டை, எல்லாத்தையும் கொளுத்திடறேன்.”

ஹார்லன் ஒரு பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. மேல் தட்டிலிருந்த இரண்டு தொப்பிகள் பறந்து விழுந்தன.

“அடப்பாவி! எவனுக்கோ தெரிஞ்சுபோச்சுன்னு மூணு வாரமா நான் கண்ணே மூடலியே!” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணையும் கொளுத்தாதே. அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல.”

“புரியலீங்களே?”

ஹார்லன் தாழ்ப்பாளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரல் தணிந்தது.

“அங்கே கஞ்சா போட்டவன் நான்தான்யா!”