பதினான்காவது யோசனை

முதலில் சத்தம்தான் வந்தது. லாரி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டதுபோல, புஸ்ஸென்று.

பருந்து திரும்பிப் பார்த்து, "வலது பக்கம், வலது பக்கம்" என்று கையைக் காட்டினான். கரிய முதுகு ஒன்று மேலே வந்தது. அமிழ்ந்தது. மறுபடி வந்தது. கால் மணி நேரம், தனக்கு வேறு சோலியே இல்லை என்பதுபோல அந்தத் திமிங்கிலம் படகைச் சுற்றிவிட்டு, வாலை ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டுப் போனது. மேல்தளத்தில் ஒரே கூச்சல். ஒருத்தர் பெண்டாட்டியை நகர்த்திவிட்டு வாலைப் படம் எடுத்தார்.

அப்பாடா, பிழைத்தோம் என்று பருந்து உட்கார்ந்தான்.

பருந்து என்பது பட்டப்பெயர். படகின் உச்சியில் உட்கார்ந்து, திமிங்கிலம் எங்கே மூச்சு விடுகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. முந்தின இரண்டு பயணத்திலும் ஒன்றும் அகப்படாததால், படகுக்காரர்கள் அவனைக் கோழி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

முதலாளி கடலுக்கு வருகிற ஆள் இல்லை. படகுக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதால் அவர்கள் பேச்சையும் நம்புவதில்லை. அவருக்கு நோட்டுதான் வேதம். கரை திரும்பியதும் ஒவ்வொரு பயணியும் அதில் 'பார்த்தேன்' அல்லது 'பார்க்கவில்லை' என்று தன் கையால் எழுத வேண்டும். பார்க்காதவர்களுக்கு மறுநாள் இலவசமாக வர ஒரு பாஸ். மூன்று பயணம் அடுத்தடுத்து ஒரு 'பார்த்தேன்'கூட விழாவிட்டால் பருந்துக்கு வேலை கிடையாது. இது மூன்றாவது.

பாஸில் முத்திரை குத்துவது பருந்தின் மனைவி. டிக்கெட் ஜன்னலும் அவள் பொறுப்புதான்.

காலையில் அந்த ஜன்னலில் ஒருத்தர் அவள் உயிரை எடுத்துவிட்டார். தனியாக வந்தால் சலுகை உண்டா, மேகமாக இருப்பதற்குச் சலுகை உண்டா, பாதியில் திரும்பினால் பாதிப் பணம் வருமா என்று கேட்டார். தோளில் துணிப்பை, பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். சிக்கன சார் என்று அவளே பெயர் வைத்துவிட்டாள்.

அவர் அத்தோடு விடவில்லை. கயிறு அவிழ்ப்பதற்கு முன்னாலேயே, 'கையைக் கடிக்காமல் கடற்கரை நகரம் பார்க்க இருபது யோசனைகள்' என்று போனில் இருந்ததைப் பக்கத்து ஆளுக்குப் படித்துக் காட்டினார். இன்ஜின் இரைச்சலில் உரக்கப் படித்ததால் படகே கேட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரூம் எடுங்கள், பக்கத்து இடங்களுக்கு நடந்தே போங்கள் என்று போய், பதினான்காவதில் நின்றது. திமிங்கிலப் படகில் எது தெரிந்தாலும் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள், மறுநாளும் ஓசியில் போகலாம்.

"என்ன ஜனங்களோ" என்று ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்தார்.

கரையில் முதல் ஆளாக 'பார்க்கவில்லை' என்று எழுதியது அந்த அம்மாள்தான்.

அதற்குப் பிறகு வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஒருத்தர் போனில் திமிங்கிலத்தின் வாலைப் பெரிதாக்கி யாருக்கோ அனுப்பிக்கொண்டே, மறு கையால் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். அதென்ன படம் என்று பருந்தின் மனைவி கேட்டாள். அலை என்றார்.

படகின் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்த பருந்தை முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவன் ஈரக்கையோடு வந்து, பெண்டாட்டி முத்திரை குத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தலை நிமிரவில்லை. டொக், டொக் என்று முப்பத்தேழு பாஸ்.

"முப்பத்தேழு பேர் எழுதியாச்சு. ஒருத்தர்கூடப் பார்க்கலையாம்" என்றார் முதலாளி. "சாயங்காலம் வந்து சாமானை எடுத்துட்டுப் போயிடுப்பா."

"வந்துச்சுங்க ஐயா. வலது பக்கம்."

"நோட்டு அப்படிச் சொல்லலையே."

வரிசையில் மிச்சம் ஒரே ஆள், சிக்கன சார். ஊரையே கெடுத்துவிட்டு மகராசன் கடைசியாக வருகிறான் என்று பருந்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முதலாளியைப் பார்த்தார். பருந்தைப் பார்த்தார். பேனாவை வாங்கி எழுதினார்.

பருந்தின் மனைவி நோட்டைத் தன் பக்கம் திருப்பி இரண்டு தடவை படித்தாள்.

"பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க சார்."

"ஆமா."

"அப்ப உங்களுக்கு பாஸ் கிடையாது."

"தெரியும்மா."

முதலாளி எட்டிப் பார்த்தார். "முப்பத்தேழு பேருக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா? எவ்வளவு பெரிசு இருந்தது?"

"நீங்க வாங்கின டிக்கெட் காசுக்குத் தகுந்த மாதிரி இருந்தது."

முதலாளி அந்த ஒரு வரியை இன்னொரு தடவை படித்தார். நோட்டை மூடி, நாளைக்கு நேரத்தோடு வந்து சேர் என்று பருந்திடம் சொல்லிவிட்டுப் போனார். சிக்கன சார் காலி பாட்டிலை நீட்டி, குழாய்த் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கடையில் பாட்டில் இருக்கிறது என்றாள். குழாய் போதும் என்றார்.

அவர் போன பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை பேர்ல ஒருத்தராவது பொய் சொல்லாத மனுஷன் இருந்தாரேங்க."

பருந்து வாயைத் திறக்கப் போனான். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

படகுக்குத் திரும்பினான். மேல்தளத்தில் பாதி பாக்கி இருந்தது. அதைக் கழுவி முடித்துக் கீழே இறங்கி, துறைமுகம் தாண்டியதிலிருந்து கரை தொடும்வரை சிக்கன சார் தலையைத் தூக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த வாளியை எடுத்துவந்து, தேய்க்க ஆரம்பித்தான்.