சுமைதாங்கியில் கட்டிய தூளி

இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. பிள்ளை பெறாமலே வயிற்றோடு செத்துப்போன செண்பகவல்லி நினைவாக, வண்டித்தடத்தோரம் அதை வைத்தார்கள். தடம் கப்பிரோடாகி, தார்ரோடாகி, இப்போது இன்னும் அகலமாகப் போகிறது. சுண்ணாம்புக்கோடு சுமைதாங்கியைத் தாண்டி விழுந்திருந்தது.

“இன்னைக்கு உன்னை ஜல்லியாக்கிருவாங்க” என்றது பக்கத்து மைல்கல். “தலைச்சுமையோட இப்ப யாரு நடக்கிறா? எனக்காவது நம்பர் இருக்கு.”



அந்த நேரத்தில், ஜல்லி சுமக்க வந்த ஒருத்தி தன் பழைய சேலையை மேல்கல்லில் கட்டி, கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நெல்மூட்டையும் விறகுக்கட்டும் தாங்கிய கல்லுக்கு இந்தச் சுமை புதிது.

இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. கிட்டே வந்ததும் டிரைவர் அணைத்துவிட்டார்.

“ஏன்யா நிறுத்திட்ட?” என்று கத்தினார் மேஸ்திரி.

“பிள்ளை தூங்குது அண்ணே.”

மேஸ்திரி தூளியை எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு காலாலேயே சுண்ணாம்புக்கோட்டை அழித்து, கல்லுக்கு இந்தப்பக்கமாக வளைத்துப் போட்டார்.

அப்பாடா என்று பெருமூச்சு விடப் போனது சுமைதாங்கி.

“ஸ்ஸ்... ஆடாதே” என்றது மைல்கல். “முழிச்சுக்கும்.”