நாலாவது ஆள்

சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வரச் சொன்ன மனைவி, கடைக்குப் போன சபாநாதன் திரும்புவதற்குள் மாரடைப்பில் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த மூன்று வருடமாக, யார் எதைச் சொன்னாலும் அவர் மறுக்காமல் "ஓம்" என்றுதான் சொல்லுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நல்லூர் வீட்டுப் படலையில் நின்றவரருகே மகள் உதயகலா காரை நிறுத்தினாள். உள்ளே மருமகனும் சபாநாதனின் தங்கச்சியும் இருந்தார்கள்.

"ஏறுங்கோ அப்பா. பண்டத்தரிப்பிலை பொம்பிளை பாக்கப் போறம். நல்ல காரியத்துக்கு மூண்டு பேராப் போகக்கூடாது."

"ஓம்."

தங்கச்சியின் மகனுக்காக்கும் என்று நினைத்தபடி ஏறினார்.

அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மாமா, பொம்பிளையைப் பிடிச்சிருக்கோ?" என்றான் மருமகன்.

"என்னை ஏன் கேக்கிறியள்? மாப்பிள்ளையையெல்லோ கேக்கவேணும். பொம்பிளையும் இன்னும் வரேல்லை."

தங்கச்சி சிரித்துவிட்டாள். "அண்ணை, பொம்பிளை உங்களுக்கு முன்னாலை இருக்கிறா. மாப்பிள்ளை நீங்கள்தான்!"

சபாநாதன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வீட்டு ஹோலிலை என்ரை மனிசியின்ரை படம் இருக்கு. அதை நான் கழட்டமாட்டன்," என்றார் ரீச்சரைப் பார்த்து.

"ஆர் கழட்டச் சொன்னது?" என்றார் ரீச்சர். "பூவை மட்டும் நான் வைக்கிறன்."

அந்தப் படம் இன்றைக்கும் அதே ஆணியில்தான், ரீச்சர் தினமும் வைக்கும் பூவோடு தொங்குகிறது.